எல்லா ஓட்டும் அவருக்கே

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, நாட்டை ஆண்டவர் வார்டு உறுப்பினரான கதையைச் சொல்கிறேன்.

பதவி போன ஏழாம் வருடம் வார்டு தேர்தலில் நின்றார் அரங்கண்ணல். ஒரு ஓட்டுகூடச் சிதறவில்லை. "ஜனங்க என்னை மறக்கல" என்று அழுதேவிட்டார். உறுப்பினர் கையில் வளையம் பூட்டுவது அந்தக் காலத்துச் சட்டம். வார்டில் மணி அடித்துக் கூப்பிட்ட வீட்டுக்குப் போகாவிட்டாலும், வீட்டார் விடுமுன் கிளம்பினாலும் அந்த வளையம் சுடும்.

முதல் மணி காசாம்பு வீட்டிலிருந்து. மூச்சிரைக்க ஓடினார்.

"என்னம்மா குறை?"

"ஒண்ணுமில்ல தலைவரே. உங்க பங்களா வாசல்ல எம்புருஷன் மனுவோட மூணு நாள் நின்னே செத்தாரு. நீங்களும் சும்மா நில்லுங்க."

திரும்பி ஓர் அடி வைத்தார். தோல் பொசுங்கியது. பழைய இடத்திலேயே வந்து நின்றார்.

"வெயில் தாழ விட்டுடறேன். அப்புறம் அடுத்த வீட்டுக்காரி கூப்பிடுவா. அவளும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டா."

உங்கள் வீட்டார் யாரும் எவர் வாசலிலும் காத்துக் கிடக்காமல், நிழலில் நிறைந்து வாழட்டும் கண்ணுகளா.