தூக்கத்துக்கு ஒரு ஊசி

ஆனந்த்ராஜ் ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டியை நகர்த்திவிட்டு, அதன் பின்னால் ஒளிந்திருந்த ஊசி டப்பாவை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தான்.

"இது என்னப்பா?"

சகாயராஜ் பனியனோடு உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவது நின்றது. உள்ளறைக் கதவைப் பார்த்தார். அம்மா அங்கேதான் படுத்திருந்தாள். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு வலது பக்கம் விளங்காது.

"சுகர் ஊசின்னு சொல்லிராதீங்க. என்னன்னு எனக்குத் தெரியும்."

தெரியும்தான். போன வாரம் வந்தபோதே கண்ணில் பட்டது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்ச் செம்பட்டியில் தெரிந்த டாக்டரிடம் காட்டியிருந்தான். வளர்ச்சி ஹார்மோன் என்றார் அவர். வயது ஏற ஏற அது சுரப்பது குறையும், ஊசியில் ஏற்றிக்கொண்டால் இளமை திரும்பும் என்று சொல்லி விற்கிறார்கள், யாருக்குய்யா இது என்று கேட்டார். அப்பாவுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. சிநேகிதனுக்கு என்று சொல்லிவைத்தான்.

அதற்கும் முன்னால், கூடப் படித்த இளஞ்செழியன் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான். "மாப்ளே, உங்கப்பா எங்க ஜிம்முல வந்து டம்பெல் தூக்குறாரு. உனக்குச் சித்தி பாக்குறாரோ?" அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"சொல்லுங்கப்பா. இந்த வயசுல எதுக்கு இது?"

சகாயராஜ் டம்ளரைப் பார்த்தபடி, உள்ளே கேட்டுவிடாமல் வாய்க்குள்ளேயே சொன்னார்.

"தூக்கத்தான்..."

"தூக்கம் வரலைன்னா அதுக்கு மாத்திரை இருக்கு. இதையா போடுவாங்க?"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ம். தூக்கமே இல்ல" என்றார்.

பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. கை இரண்டும் பருத்து, பனியன் தோளில் இறுகியிருந்தது. பார்க்கப் பார்க்க ஆனந்த்ராஜுக்கு ஆத்திரம் வந்தது. டாக்டர் சொன்னதை எல்லாம் கொட்டினான். அந்த ஹார்மோன் நோயாகவே குறைந்துபோனவர்களுக்குத்தான் இந்த ஊசி, அதுவும் சோதித்துப் பார்த்த பிறகு. வயசாவது ஒன்றும் நோயில்லை. சும்மா இருக்கிறவர்கள் போட்டால் உடம்பில் நீர் கோக்கும், மூட்டு வலிக்கும், சுகர் ஏறும், விரல் மரத்துப்போகும்.

சகாயராஜ் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். சிறுமலை வளைவுகளில் அரசு பஸ்ஸை ஒடித்துத் திருப்பிய கை.

"அப்ப பலம் வராதா?"

"சதை வைக்கும். பலம் வராதாம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. மைனர் ஆசை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டான் ஆனந்த்ராஜ். அதுதான் அவனை அந்தச் சொல்லைச் சொல்லவைத்தது.

"அம்மா இப்படிக் கிடக்கு. உங்களுக்கு வாலிபம் கேக்குதா?"

சகாயராஜ் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவை யாரு பாக்குறது? நானும் உங்க மருமகளும் வேலைக்குப் போறவங்க. முதியோர் ஹோம்லதான் விடணும். ஈஸ்டருக்கே சொன்னேன்."

"ஹோம் வேணாம். நான் பாத்துக்குவேன்."

எழுந்தார். டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் குப்பை வாளியில் போட்டார். அப்படியே அடுப்பில் வெந்நீர் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

ஆனந்த்ராஜ் உள்ளறைக்குள் நுழைந்தான். ஞாயிறு தோறும் பூசை முடிந்து அவன் வரும்போது, அம்மா குளித்துத் தலை வாரி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்குப் பூசைக்குப் போகாமல் நேரே வந்துவிட்டதால் இன்னும் கட்டிலில்தான் கிடந்தாள். வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கன்றி நீலம் பாய்ந்திருந்தது.

என்ன இது என்று கேட்டான். அன்புக்கரசி இடது கையால் போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு குழறும், ஆனால் புரியும்.

"அவுகளை ஏன் அப்பு வையிற?"

"பின்ன என்னம்மா? தூக்கத்துக்குப் போடுறேன்னு பொய் சொல்றாரு."

அவள் தலையை அசைத்தாள்.

"தூக்கத்துக்கு இல்ல அப்பு. என்னையத் தூக்கத்தான்."

பிறகு விட்டு விட்டுச் சொன்னாள். முன்னைப்போல அவரால் என்னைத் தூக்க முடியவில்லை. அப்பாவால் முடிகிற வரைக்கும்தான் அம்மா இங்கே என்று ஈஸ்டருக்கு நீ சொல்லிவிட்டுப் போன மறுநாளே ஜிம்முக்குக் கிளம்பிவிட்டார். பலம் வரும் என்று அங்கே யாரோ சொல்லி ஊசி போட ஆரம்பித்த பிறகு விரல் மரத்துப்போகிறது என்றார். புதன்கிழமை குளிக்கவைக்கத் தூக்கும்போது பிடி நழுவிவிட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

சகாயராஜ் வெந்நீரைக் குளியலறையில் ஊற்றி வைத்துவிட்டு, தோளில் துண்டோடு வந்தார். மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டிலோரம் குனிந்து அவள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தார்.

எங்கே பிடிப்பது என்று ஆனந்த்ராஜுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு தரம்கூட அவன் அவளைத் தூக்கியதில்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கால்மாட்டுப் பக்கம் போய்க் குனிந்தான்.