முழு மனுஷன்

பக்கத்துக் கட்டில்காரருக்கு உடம்பெல்லாம் மச்சம் போல. காலையிலிருந்து நர்சிங் மாணவிகள் அவரையே சுற்றி நின்றார்கள். நான் இடுப்பெலும்பு முறிந்து மல்லாந்து கிடந்தேன். முதுகு எரிந்தது. மாணவிகளுக்கு நடுவே அவருடைய பாதம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"நோயாளி வெறும் உடம்பு இல்ல. மனசும் மானமும் உள்ள முழு மனுஷன். எந்த நர்சிங் கோட்பாட்டை எடுத்தாலும் அதைத்தான் சொல்லுது," என்றார் ஆசிரியை.

ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள். ஒருத்தி தலையணையைத் தட்டிப் போட்டாள். இன்னொருத்தி, "ஐயா, மெதுவாத் திருப்பிப் படுக்க வைக்கிறோம், பயப்படாதீங்க," என்று குழைந்தாள்.

"என்னையும் கொஞ்சம் திருப்பி விடுங்கம்மா. என் வீட்டுக்காரியால தனியா முடியல," என்றேன்.

ஆசிரியை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இருங்க பெரியவரே. பரிவைப் பத்திப் பாடம் நடக்குது."

"கொடுத்து வச்ச மனுஷன்," என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கல. எல்லாம் தானா நடக்குது."

பாடம் முடிந்தது. ஒருத்தி அவருடைய வலது கையைக் கழற்றிப் பையில் வைத்தாள். இன்னொருத்தி தலையைத் திருகி எடுத்தாள்.

"பார்த்து, பார்த்து. கீறல் விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்," என்று பதறினார் ஆசிரியை.

பொம்மையைப் பெட்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, என் கட்டிலைத் தாண்டிப் போனார்கள்.

மனைவி என் முதுகுக்கடியில் கையை நுழைத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"நாளைக்கு அவங்க வர்றப்ப மூச்சுக் காட்டாமப் படுத்திருங்க," என்றாள். "பொம்மைன்னு நினைச்சாவது திருப்பிப் போடட்டும்."