பின்பக்கம் இரண்டு அங்குலம்

1961இல் மொரீஷியஸ் தீவின் கியூர்பிப் ஊரில் மெக்கானிக் வேலாயுதத்திடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பின்பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்கச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் சொந்தக்காரர். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக்கட்டை வைத்து வேலாயுதம் இறக்கினான். அளந்தால் நான்கு அங்குலம் இறங்கியிருந்தது. கட்டையைக் கழற்றினான். அப்போதும் நான்குதான்.

காரணம் தெரியாமல், காரைப் பூட்டிவிட்டு மல்லாந்து அடியில் நுழைந்தான். பாரம் ஏற்றியதுபோல் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய் நிமிர்ந்திருந்தன.

தேநீரோடு வந்த மனைவி பார்வதி, "உள்ள ஆள உக்கார வச்சிட்டு அடியில என்ன செய்றீங்க?" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் கார் மெல்ல இறங்கி நெஞ்சைத் தொட்டது.

"மிஸ்யே, ஐயா, கொஞ்சம் இறங்குங்க," என்று அவள் கார் ஜன்னலுக்குள் பார்த்து யாரிடமோ மரியாதையாகக் கேட்டாள்.

கார் இன்னும் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தான். அதற்கு மூச்சிழுக்க இடமில்லை.