பன்னிரண்டாம் நெரை

ரத்தத்தைப் பார்த்த பிறகும் வெள்ளையம்மா கத்தியைக் கீழே போடவில்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. சந்திரமதியின் வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்திருந்தது. இனி ஒரு மாதத்துக்கு அந்தக் கை மரம் வெட்டாது.

இருவருக்கும் பதினைந்து வயது. ஏழு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்து, உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள்.

போன வாரம் சந்திரமதிக்குக் காட்டோரத்துப் பன்னிரண்டாம் நெரை கிடைத்தது. வரிசை முழுக்க நல்ல பால் மரங்கள். பத்து மணிக்குள் வாளி நிறைந்துவிடும். அன்று பிடித்தது சனி. அந்த நெரையை விட்டுவிடு என்று பக்கத்து நெரைக்காரியான வெள்ளையம்மா நச்சரித்தாள். காரணம் கேட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்குக் கெடைக்கலேன்னு வயிறு எரியுதா?" என்று சந்திரமதி கேட்டே விட்டாள்.

அதற்கு மறுநாள்தான் கத்தி.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விசாரணை நடந்தது. சந்திரமதியின் அம்மா கிருஷ்ணம்மா மண்ணை வாரித் தூற்றினாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பனுக்குக் கஞ்சி ஊற்றுகிற பிள்ளையா இது என்று லயமே காறித் துப்பியது.

வேலையை மேற்பார்க்கும் தண்டல் சபாபதி மட்டும் கோபப்படவில்லை. "அந்த நெரை மேலதானே ஒனக்குக் கண்ணு?"

வெள்ளையம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள். "ஆமாங்க."

"அப்ப நாளையிலேருந்து நீயே வெட்டு."

கையைக் கிழித்தவளுக்கு நெரை பரிசா என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள்.

மறுநாள் காலையில் வாளியோடு போனவள், சந்திரமதியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து நின்றாள்.

"வலிக்குதாடி?"

"அங்கேயே போய்ச் சாவு."

வெள்ளையம்மா தலையாட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் பால் நிறுக்க அவள் வரவில்லை. தேடிப் போனவர்கள் கவிழ்ந்த வாளியையும் கத்தியையும்தான் கொண்டுவந்தார்கள். சிந்திய பாலில் புலியின் காலடி அழுத்தமாகப் பதிந்திருந்ததாம்.

சந்திரமதிக்கு அழுகை வரவில்லை. பால் நிறுக்கும் ஸ்டோர் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே தண்டல், கணக்கெழுதும் கிராணியிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன வாரமே தடத்தைப் பாத்துட்டு வந்து சொன்னது அந்தப் பொண்ணுதாங்க. வெளிய தெரிஞ்சா ஒரு பய காட்டோரம் போவமாட்டான், தொரை என் தோலை உரிப்பாரு. வாயைத் தொறந்தா ஒங்கப்பனை லயத்தை விட்டு எறக்கிடுவேன்னு சொல்லி வச்சேன். நல்ல பொண்ணுங்க. கடைசி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."