கடைசிப் பக்கத்துப் பென்சில்

“இவன்தான் சார் அது. அவனே வந்து ஒத்துக்கிட்டான்.”

சுல்தானா டீச்சர், ஒன்பதாம் வகுப்பு எழிலனைத் தலைமையாசிரியர் சபாபதியின் அறையில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் கையில் நான்கு நூலகப் புத்தகங்கள்.

கிள்ளை என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி அது. வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் பரீட்சைக்குச் சம்பந்தமே இல்லாத கதைப் புத்தகம் படிக்கலாம் என்ற திட்டம் ஜூனில்தான் ஆரம்பித்தது. பொறுப்பு சுல்தானாவுக்கு. சிதம்பரத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தன் கையால் அட்டை போட்டிருந்தார்.

அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில்தான் யாரோ பென்சிலால் எழுத ஆரம்பித்தார்கள்.

சபாபதி ஒன்றைப் பிரித்தார்.

‘முதல் பத்துப் பக்கம் அறுவை. பொறுத்துக்கோ. அந்த நாய் வந்துட்டா சோறு தண்ணிகூட மறந்துடும்.’

இன்னொன்றில், ‘அழுகை வந்தா பரவாயில்லை. எனக்கும் வந்தது.’

“மூணு வாரமா சொல்றேன் சார். பென்சில்தானே, விடுங்கன்னீங்க. இப்ப இருபத்தாறு புக்ல இருக்கு. இனிமே இவனுக்குப் புத்தகம் கிடையாது. கார்டைக் கிழிச்சிடப் போறேன்.”

எழிலன் தலை குனிந்து நின்றான்.

“நீயாடா எழுதினே?” என்றார் சபாபதி.

“ஆமா சார்.”

அவர் ஒரு தாளை நகர்த்தினார். “எங்க, முதல் பத்துப் பக்கம் அறுவைன்னு எழுது.”

எழுதினான். ‘அருவை’ என்று.

சுல்தானா தாளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்துப்பிழை மட்டுமில்லை, கையெழுத்தே வேறு.

“பொய்யா சொன்னே? யாரைக் காப்பாத்தறே?”

“யாருன்னு தெரியாது மிஸ்.”

“யாருன்னே தெரியாதவங்களுக்காகவா பழியை ஏத்துக்கிட்டே?”

“எல்லா கிளாஸ்லயும் நோட்டு வாங்கிப் பாக்கறீங்கல்ல மிஸ். அவுங்க மாட்டிக்கிட்டா எழுதறதை நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தினா உனக்கென்ன?”



“எங்க வீட்ல யாரும் படிக்க மாட்டாங்க மிஸ். எது நல்லாருக்கும்னு எனக்கு யாரு சொல்லுவா? நான் கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். ஒம்பது புக் முடிச்சிட்டேன். கிளாஸ்ல நெறைய பேரு அப்படித்தான் எடுக்கறாங்க.”

சுல்தானா புத்தகங்களை மேசைமேல் வைத்தார். ஜூனில் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவன் இவன்.

“சரி, கிளாசுக்குப் போ.”

“கார்டு மிஸ்?”

“கிழிக்கல. போ.”

அவன் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இத்தனை நாளா பசங்களுக்குப் புத்தகத்தைக் கண்ணுல காட்டணும்னு நான் பாடுபட்டேன். அவங்களைப் படிக்க வெச்சது வேற யாரோ. எழுதினது யாருன்னு இப்பத்தான் சார் நெஜமா தெரியணும்னு தோணுது. திட்டறதுக்கு இல்ல.”

“தேடிப் பாத்தீங்கல்ல?”

“ஆறாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் நோட்டெல்லாம் பாத்துட்டேன். ஒரு புள்ளை கையெழுத்தும் ஒத்து வரல.”

சபாபதி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஒத்து வராது டீச்சர். நான் இடது கையால எழுதினா அப்படித்தான் இருக்கும்.”