கார்னரின் கை

அரங்கின் வாசலில் நின்றவர்கள்: தொழில்முறை கபடி அணியின் தேர்வாளர், செங்கதிர், அவன் வலது கையைப் பிடித்திருந்த ஆரோக்கியம். கல்லூரி அணியில் செங்கதிர் கார்னர், தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவன். பக்கத்தில் கைகோத்து நிற்கும் ஆரோக்கியம் விரலை அழுத்தினால்தான் அவன் பாடி வரும் ரெய்டரின் கணுக்காலில் பாய்வான். அந்தப் பிடியைப் பார்த்துத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“நீ மட்டும் வா தம்பி. உள்ள ரெய்டர் நிக்கிறான். தனியா புடிச்சுக் காட்டு, காண்ட்ராக்ட் உனக்கு” என்றார் தேர்வாளர்.

“எப்பப் பாயணும்னு எனக்குத் தெரியாதேடா” என்றான் செங்கதிர், நண்பனிடம்.

“எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? திடீர்னு உன் கை சில்லுன்னு ஆகும். உடனே அழுத்துவேன். அவ்ளோதான் லூசு.”

ஆரோக்கியம் கையை விட்டான்.

செங்கதிர் தன் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே உள்ளே நடந்தான். அவனுக்குப் பின்னால் தேர்வாளர் கதவைச் சாத்தித் தாழிட்டார்.