சுரண்டிய வெள்ளை

“நீயோ காட்டு மரங்களில அடிச்ச வெள்ளையைச் சுரண்டினது?”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம், இலங்கை மலைநாடு. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரு மாலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று கேட்டார் காட்டு அதிகாரி மயில்வாகனம்.

கொழுந்து பறிக்கும் சுப்பம்மா கையிலிருந்த கத்தியை மறைக்கவில்லை.

“ஆமாங்கய்யா. நாப்பது மரம். ரெண்டு நாளாச் சுரண்டுனேன். ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க. அந்த மரங்க போனா எங்க ஊத்து வத்திப்போகும். ஆறு வீட்டுப் புள்ளைங்க தண்ணிக்கு எங்கய்யா போகும்?”

“வெள்ளை அடிச்சா வெட்டுறதெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“யாரு சொல்லணும்? தோட்டத்துல சாய்க்கப்போற மரத்துக்குத்தானே கங்காணி வெள்ளை போடுவாரு?”

மயில்வாகனம் தலையில் கை வைத்தார்.

“இது தோட்டமில்லை, அரசாங்கக் காடு! முப்பது கூறாப் பிரிச்சு, வருசத்துக்கு ஒரு கூறு வெட்டுறதெண்டு திட்டம். வெட்டுற கூறிலயும் விதைக்கும் தண்ணிக்குமெண்டு சில மரங்களை விடுவம். அதுகளுக்குத்தான் வெள்ளை. உன்ர பேரப்பிள்ளையள் காலத்தில திரும்ப இந்தக் கூறுக்கு வரேக்கை காடு இருக்கவேணுமே!”

சுப்பம்மா கத்தியைக் கீழே போட்டாள்.

“அப்ப... வெள்ளை இல்லாத மரம்?”

“குத்தகைக்காரர் வெட்டலாம். கடுதாசியில அப்பிடித்தான் கிடக்கு.”

குத்தகைக்காரர் தாஸிம் முதலாளி. காலையில்தான் பதினைந்து கோடரிக்காரரோடு மேலே ஏறிப் போயிருந்தார்.

“ஐயோ, அந்த மனுசனா விடுவாரு! சுள்ளி பொறுக்குனதுக்கே எங்களத் தொரத்துன ஆளாச்சே! நானே எடுத்துக் குடுத்துட்டேனே! ஓடுங்கய்யா, நிக்காதீங்க!”

“பதறாதை. ஒரு மரமும் விழேல்லை.”

“நெசமாவா?”

“உன்னட்டை ஏன் பொய் சொல்லுறன்? நாப்பதும் நிக்குது.”

சுப்பம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

“நல்ல நேரத்துல வந்து தடுத்தீங்க சாமி. நீங்க நல்லா இருக்கணும்.”

“நான் எங்கை தடுத்தன்? நான் கம்பளையில, கந்தோரில வேலையா இருந்தன். கோடரியளைக் கீழ வைக்கச் சொல்லிப்போட்டு, வெள்ளை அழிஞ்சுபோச்செண்டு என்னைத் தேடி ஓடிவந்தது தாஸிம் முதலாளி. இப்ப உங்கட ஊத்தடியில சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, மரம் மரமா வெள்ளை அடிக்கிறதும் அந்த மனுசன்தான்!”